பெஞ்சைத் திருப்பிப் போட்டால் குழுக் கற்றல் ஆகிவிடுமா?

போன வருடம் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். கையில் சுருட்டிய சார்ட் தாள். மகள் ஏழாம் வகுப்பு.

"குரூப் வொர்க்காம் தம்பி. ஆறு பேர். நாலு பேர் பேரை மட்டும் போட்டுக்கச் சொல்லிட்டாங்களாம். ஒருத்தி ஸ்கெட்ச் பென் குடுத்திருக்கா. மிச்சம் பூரா இவதான். எத்தனை கோள்னு மட்டும் சொல்லிடு, நான் வரைஞ்சு முடிச்சிடுறேன்."

எட்டு என்றேன். மறுநாள் அந்தச் சூரியக் குடும்பம் வகுப்புச் சுவரில் ஏறியது. ஆறு பேருக்கும் ஒரே மதிப்பெண். அக்காவுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

நானும் ஆசிரியர்தான். நடுநிலைப் பள்ளி, சமூக அறிவியல். ஆள் குறைவான வருடங்களில் கணக்கும் என் தலையில் விழும். குழுக் கற்றல் என்று பேச்சு வந்தால் ஆசிரியர் அறையில் இரண்டு கட்சிதான். "பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள், நாம் வழிகாட்டினால் போதும்" என்று பயிற்சி வகுப்பில் கேட்டதை அப்படியே சொல்பவர்கள் ஒரு கட்சி. "ஒருத்தன் செய்வான், மூணு பேர் ஒட்டிக்குவான், கத்தல்தான் மிச்சம்" என்பவர்கள் மறு கட்சி. இரண்டு கட்சியும் ஒரே தவறைச் செய்கின்றன. சேர்ந்து உட்கார்வதையே சேர்ந்து கற்பது என்று எடுத்துக்கொள்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கப் போகிறோம்.

தேர் வடம்

ஊர் கூடித் தேர் இழுப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். வடத்தில் நூற்றுக்கணக்கான கை. அதில் எத்தனை கை உண்மையில் இழுக்கிறது? முன்னால் நிற்கும் இளவட்டங்களின் கழுத்து நரம்பு புடைத்திருக்கும். நடுவில் ஒருவர் ஒரு கையால் வடத்தைத் தொட்டுக்கொண்டு மறு கையால் போனில் படம் எடுப்பார். தேர் நகரும், புண்ணியம் எல்லாருக்கும் உண்டு. யார் எவ்வளவு இழுத்தார் என்று கேட்க வழியே இல்லை.

இதை ஒருவர் அளந்தே பார்த்திருக்கிறார். மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து, தனியாக இழுக்கும்போது எவ்வளவு விசை, கூட்டமாக இழுக்கும்போது ஆளுக்கு எவ்வளவு விசை என்று கணக்கெடுத்தார். 1913இல் அது வெளியானது. ஆள் கூடக் கூட ஒவ்வொருவரின் பங்கும் குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளுக்குக் கிட்டத்தட்டப் பாதி விசைதான் வந்தது.

எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை, அதனால் விசை சிதறியிருக்கும் என்று சொல்லலாம். அது ஒரு பகுதிதான். 1974இல் அமெரிக்காவில் சிலர் இதையே வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்ப வைத்தார்கள். உண்மையில் பின்னால் யாரும் இழுக்கவில்லை. அப்போதும் அவர் இழுப்பு குறைந்தது. அப்படியானால் குறைந்தது ஒத்திசைவு மட்டும் இல்லை, முயற்சியும்தான். இதற்குக் கூட்டச் சோம்பல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்: தன் பங்கு தனியாகத் தெரியாத இடத்தில் மனிதர் தம்மை அறியாமலே கையைத் தளர்த்துவது.

"தம்மை அறியாமலே" என்பது முக்கியம். பெயர் மட்டும் போட்ட அந்த நான்கு பிள்ளைகளும் திருடர்கள் இல்லை. அந்த வேலை அப்படி அமைக்கப்பட்டிருந்தது. சார்ட் ஒன்று, பேனா ஒன்று, மதிப்பெண் ஒன்று. அது தேர் வடம்.

பின்னல் கோலாட்டம்

இப்போது பள்ளி ஆண்டு விழாவுக்கு வாருங்கள். மேலே ஒரு வளையம். அதிலிருந்து வண்ண வண்ணமாகக் கயிறுகள் தொங்கும். ஒவ்வொரு நுனியும் ஒரு பிள்ளையின் கையில். பாட்டு தொடங்கியதும் உள்ளே, வெளியே என்று மாறி மாறிச் சுற்றுவார்கள். மேலிருந்து பின்னல் இறங்கி வரும். அப்புறம் எதிர்ச்சுற்று ஆடி அதை அவிழ்த்தும் காட்ட வேண்டும்.

இதில் யாராவது ஒருத்தி சும்மா நின்றால்? பின்னல் அங்கேயே நின்றுவிடும். ஒருத்தி உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போனால் முடிச்சு விழும், அது எந்த நிறக் கயிறு என்பதும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் வரைக்கும் தெரியும். எவ்வளவு நன்றாக ஆடுபவளாக இருந்தாலும் மற்றவளின் கயிற்றையும் சேர்த்து ஆட முடியாது.

தேருக்கும் கோலாட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பரஸ்பரச் சார்பு: என் வேலை முடிய உன் வேலையும் முடிய வேண்டும், உன்னை விட்டுவிட்டு நான் மட்டும் கரையேற முடியாது என்ற நிலை. இன்னொன்று, தனிப்பொறுப்பு: குழுவுக்குள் இருந்தாலும் நான் என்ன கற்றேன் என்று என்னிடம் தனியாகக் கேட்கப்படும் என்ற நிலை.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ராஜர் ஜான்சன் சகோதரர்கள் குழுக் கற்றலுக்கு ஐந்து அம்சங்களைச் சொல்வார்கள். பி.எட். படித்தவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பார்கள், நானும் செய்தேன். அதில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது, கூடிப் பழகும் திறன், வேலை முடிந்த பின் எப்படிச் செய்தோம் என்று குழுவே யோசிப்பது என மூன்று இருக்கின்றன. அவையும் வேண்டியவைதான். ஆனால் வீட்டைத் தாங்கும் தூண்கள் மேலே சொன்ன இரண்டும்தான். அவை இல்லாத இடத்தில் மற்ற மூன்றையும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

சரி, இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: குழு என்றாலே கற்றல் வந்துவிடாது. ஒருவருக்கு ஒருவர் தேவைப்படும்படியும், ஒவ்வொருவரும் தனியாகப் பதில் சொல்லும்படியும் வேலையை அமைத்தால்தான் வரும்.

பேசுவதால் என்ன ஆகிறது?

அமைப்பு சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி. தெரியாத இரண்டு பிள்ளைகள் பேசிக்கொண்டால் என்ன தெரிந்துவிடும்?

ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டல். பலகையில் ½ + ⅓ என்று எழுதி, முதலில் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் நோட்டில் போடச் சொன்னேன். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிப் பேசலாம் என்றேன். மூன்றாவது பெஞ்சில் ஒருவன் ⅖ என்று போட்டிருந்தான். மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டி. பக்கத்தில் இருந்தவன் ⅚ என்று போட்டிருந்தான். ஆனால் ஏன் என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. "டியூஷன்ல இப்படித்தான் சொன்னாங்க" என்றான். ⅖ காரன் விடவில்லை. கொஞ்ச நேரம் இழுபறி. பிறகு டியூஷன்காரன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

"டேய், நீ அரைத் தோசை சாப்பிட்ட. மேல இன்னும் கொஞ்சம் சாப்பிட்ட. மொத்தம் அரைத் தோசையை விடக் கம்மியாவா ஆகும்?"

"ஆகாது."

"அப்ப அஞ்சுல ரெண்டு அரையை விடப் பெருசா, சின்னதா?"

⅖ காரன் நோட்டில் ஒரு வட்டம் போட்டு ஐந்தாகப் பிரித்து, இரண்டை அடித்துப் பார்த்தான். பாதி வரவில்லை. "ஐயய்யோ" என்றான்.

இதில் யார் கற்றது? இருவருமே. தவறாகப் போட்டவனுக்குத் தன் வழி எங்கே உடைகிறது என்று கண்ணால் தெரிந்தது. சரியாகப் போட்டவனுக்கோ, டியூஷனில் வாங்கி வைத்திருந்த ஒரு விதிக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் கிடைத்தது. விளக்கிச் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தபோதுதான் தன் தலையில் இருந்த ஓட்டை அவனுக்குத் தெரிந்தது. அதை அடைக்கத் தோசையைத் தேடிப் போனான்.

குழுக் கற்றலின் எஞ்சின் இங்கேதான் இருக்கிறது. வகுப்பறைக் குழுக்களின் பேச்சைப் பல ஆண்டுகள் கவனித்து ஆராய்ந்த நோரீன் வெப் சொல்வதும் இதைத்தான்: காரணத்தோடு விளக்குபவர் நன்றாகக் கற்கிறார், விடையை மட்டும் வாங்கிக்கொள்பவருக்கு அதனால் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. "விடை என்னடா?" "அஞ்சு பை ஆறு." இப்படி முடிகிற பேச்சு பேச்சே இல்லை. அது காப்பி அடிப்பதற்கு இன்னொரு பெயர்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து இதையே ஒரு முறையாக ஆக்கி வைத்திருக்கிறார். ஒரு கேள்வி போடுவார். மாணவர் முதலில் தனியாக விடை தர வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டு, மறுபடியும் விடை தர வேண்டும். அவர் சொல்லும் காரணம் எனக்குப் பிடித்தது. ஆசிரியருக்கு அந்தப் பாடம் எப்போதோ புரிந்துபோனது. முதல் முறை அது எங்கே இடித்தது என்பதே அவருக்கு மறந்துவிட்டது. பக்கத்து மாணவனுக்கு அது ஐந்து நிமிடம் முன்புதான் புரிந்தது. எந்தப் படியில் கால் தடுக்கும் என்று அவனுக்கு நினைவிருக்கிறது.

தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லித் தருவதால்தானே எல்லாம் என்று தோன்றலாம். அதையும் சோதித்திருக்கிறார்கள். 2009இல் வெளியான கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், மாணவர்கள் ஒரு கேள்வியைப் பேசி முடித்த பின், அதே கருத்தில் இன்னொரு கேள்வியைத் தனியாக எழுத வைத்தார்கள். தொடக்கத்தில் யாருக்குமே சரியான விடை தெரியாத குழுக்களில்கூட முன்னேற்றம் இருந்தது. கடன் கொடுக்க ஆள் இல்லாத இடத்திலும் கையில் கொஞ்சம் சேர்ந்தது. இருவர் தவறாகச் சொன்னாலும் இரண்டும் வெவ்வேறு தவறாக இருந்தால், ஒன்று மற்றொன்றைக் கேள்வி கேட்கிறது.

ஆக, கற்றலை உண்டாக்குவது பெஞ்சின் திசை இல்லை, "ஏன்?" என்று கேட்டு வாங்கும் பேச்சு. முதலில் தனியாக யோசிக்க ஒரு நிமிடம் தராவிட்டால் அந்தப் பேச்சும் வராது, கெட்டிக்காரப் பிள்ளை சொன்னதைத்தான் எல்லாரும் எழுதுவார்கள்.

ஆளுக்கு ஒரு துண்டு

பரஸ்பரச் சார்பை வகுப்பில் எப்படிக் கொண்டுவருவது? இதற்கு அழகான வழி ஒன்றை எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு வரை வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழிப் பிள்ளைகள் தனித்தனிப் பள்ளிகளில் படித்த ஊர் அது. எல்லாரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்ததும் அடிதடி. வகுப்பறையும் போட்டி மயம்: கேள்வி கேட்டால் ஆறு கை எழும், ஒரு கைக்கு வாய்ப்பு, மற்ற ஐந்துக்கும் வயிற்றெரிச்சல்.

அரான்சன் பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு, வேறு யாரிடமும் அது இல்லை. தேர்வு மட்டும் முழுப் பாடத்துக்கும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. ஆங்கிலம் தடுமாறும் ஒரு பையனை மற்றவர்கள் முதலில் கேலி செய்தார்கள். கூட இருந்த ஆய்வாளர் ஒன்றுதான் சொன்னாராம்: அவன் துண்டிலிருந்தும் தேர்வில் கேள்வி வரும், கேலி செய்தால் அது உங்களுக்குக் கிடைக்காது. கொஞ்ச நாளில் அவனிடம் எப்படிக் கேட்டால் நன்றாகச் சொல்வான் என்று பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். படத்தை வெட்டிச் சேர்க்கும் புதிர் விளையாட்டின் பெயரால் இதற்கு ஜிக்ஸா முறை என்று பெயர்.

எனக்கு இந்த முறை கைகொடுத்தது ஐவகை நிலங்கள் பாடத்தில். ஐந்து நிலம், ஐந்து துண்டு. கேட்டு வாங்கினாற்போல அமைந்த பாடம். வகுப்பில் இருபத்தேழு பேர். ஐவர் ஐவராக ஐந்து குழு, அதற்கு வீட்டுக் குழு என்று பெயர். மிச்சம் இருவர் ஏற்கெனவே இருப்பவரோடு ஒரு துண்டைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒரே நிலத் துண்டை வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்றாகக் கூடித் தங்கள் நிலத்தைப் படித்துப் பேசினார்கள். பிறகு அவரவர் வீட்டுக் குழுவுக்குத் திரும்பினார்கள்.

இங்கே பல வகுப்புகள் வழுக்கி விழும். ஐந்து பேரும் தங்கள் தாளை வரிசையாக வாசித்துவிட்டு "முடிஞ்சுது சார்" என்பார்கள். ஐந்து சிறிய சொற்பொழிவு, அவ்வளவுதான். அதனால் ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லவே முடியாத கேள்வி ஒன்று வேண்டும். நான் கேட்டது: நெய்தலிலிருந்து உப்பு மூட்டையோடு உப்பு வணிகரான உமணரின் வண்டி மலை வரைக்கும் போகிறது. வழியில் யார் யாரைப் பார்ப்பார்கள், உப்புக்கு மாற்றாக எங்கே என்ன வாங்கலாம், எந்த இடத்தில் பயப்பட வேண்டும்?

மருதக்காரி நெல் தருவதாகச் சொன்னாள். முல்லைக்காரன் மோரா நெய்யா என்று யோசித்து, மோர் வழியிலேயே புளித்துவிடும் என்று நெய்யைத் தந்தான். பாலைத் துண்டு வைத்திருந்த பையன்தான் மாட்டிக்கொண்டான். குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்தால் பாலை என்று அவன் தாளில் இருக்கிறது. ஆனால் அவை எப்படி இருந்தவை என்று அவனுக்குத் தெரியாது. "சார், என் துண்டுல பாதி இவங்க ரெண்டு பேர்கிட்ட இருக்கு" என்று எழுந்து முறையிட்டான். நான் எதிர்பார்த்ததை விட நல்ல பதில் அது.

ஒரு சின்ன விஷயம். "உங்களுக்குப் பிடித்தவர்களோடு குழு சேருங்கள்" என்று விட்டால் பிள்ளைகள் தெருவாரியாகச் சேர்கிறார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் தெரு என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் குழுவை நான்தான் பிரிப்பேன். "பொண்ணுங்ககூடயா சார்?" என்ற முனகல் ஒரு வாரம் இருக்கும், பிறகு அடங்கிவிடும். எழுத்து அழகு என்று சொல்லி எழுதும் வேலையை எப்போதும் பெண் பிள்ளைகள் தலையில் கட்டுவதையும் கவனித்து மாற்ற வேண்டியிருக்கிறது.

சட்டாம்பிள்ளை முறை இதுதானா?

"இதெல்லாம் நம் திண்ணைப் பள்ளியிலேயே இருந்ததுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லித் தரும் சட்டாம்பிள்ளை வழக்கம் இங்கே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் மாணவரை வைத்தே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதினார். மெட்ராஸ் முறை என்று அது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மெட்ராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளி இன்றைக்கும் இருப்பது இவர் வழியாகத்தான்.

ஆனால் அது ஆசிரியர் பற்றாக்குறைக்கு மருந்து. தெரிந்தவன் ஒப்பிக்க, தெரியாதவன் திருப்பி ஒப்பிப்பான். "ஏன்?" என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வரும் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவுகளும் வேறு விஷயம். பிள்ளையின் நிலை எது என்று பார்த்து அதற்கேற்ற வேலை தருவதற்கான பிரிவுகள் அவை. மூன்றுக்கும் குழு என்ற ஒரே சொல்லைச் சொல்வதால்தான் பேச்சு குழம்பிப் போகிறது.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

பெற்றோர் கோபத்தில் பெரும்பகுதி இங்கேதான். பருவத்தின் நடுவே நடக்கும் வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கு என்று மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறது. அதற்காகச் சார்ட் கேட்கிறோம். சார்ட்டை அக்காக்கள் வரைகிறார்கள், இல்லையென்றால் ஸ்டேஷனரி கடைப் படத்தாள் வரைகிறது. முடிந்த பொருளுக்குக் குழு மொத்தத்துக்கும் ஒரே மதிப்பெண் போட்டால் தேர் வடம் திரும்ப வந்துவிடும்.

ராபர்ட் ஸ்லாவின் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு வழி சொன்னார். பிள்ளைகள் சேர்ந்து படிக்கட்டும், தேர்வைத் தனியாக எழுதட்டும். குழுவின் புள்ளியை, ஒவ்வொருவரும் தம்முடைய பழைய சராசரியை எவ்வளவு தாண்டினார் என்பதை வைத்துக் கூட்டலாம். எப்போதும் 40 வாங்குபவன் 50 வாங்கினால் குழுவுக்கு லாபம். அப்போது வகுப்பில் முதலாவதாக வரும் மாணவிக்கு அவனை உட்கார வைத்துச் சொல்லித் தருவதில் அக்கறை வரும். அவனுக்காக வீட்டுப்பாடம் எழுதித் தருவதில் ஒரு பயனும் இல்லை.

இவ்வளவு கணக்கு வைத்துக்கொள்ள எனக்குப் பொறுமை இல்லை. மேஜையில் ஒரு பழைய பவுடர் டப்பா, அதில் வரிசை எண் எழுதிய சீட்டுகள். பேச்சு முடிந்ததும் ஒரு சீட்டு எடுப்பேன். வந்த எண்ணுக்குரிய பிள்ளை எழுந்து குழுவின் விடையையும் காரணத்தையும் சொல்ல வேண்டும். யார் எண் வரும் என்று யாருக்கும் தெரியாது. தனிப்பொறுப்புக்கு இதைவிட மலிவான கருவி நான் பார்க்கவில்லை.

எப்போது வேண்டாம்?

பாடம் அடியோடு புதிது, பிடிப்பதற்கு ஒரு கிளைகூட இல்லை என்றால் முதலில் ஆசிரியர் நடத்த வேண்டும். வாய்ப்பாடு, எழுத்துப் பயிற்சி போன்றவற்றுக்குக் குழு வீண். ஒரே ஒரு விடை, யோசிக்க ஒன்றுமில்லை என்ற கேள்விக்கும் அப்படித்தான். சூரியக் குடும்பத்தில் எத்தனை கோள் என்பதற்கு ஆறு பேர் எதற்கு?

புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டிரண்டு பேராகத் தொடங்குங்கள், மூன்று நிமிடம் போதும். இருவரில் ஒருவர் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. பழகிய பிறகு முன் பெஞ்சைப் பின்பக்கம் திரும்பி உட்கார வைத்தால் நால்வர். ஆறு, ஏழு என்று போனால் நடுவில் இருப்பவர் பேசுவார், ஓரத்தில் இருப்பவர் ஜன்னலைப் பார்ப்பார்.

சத்தம் வரும். அது எந்தச் சத்தம் என்று காது கொடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும். தோசைச் சத்தமும் கிரிக்கெட் சத்தமும் ஒன்று போல இருக்காது. அந்தப் பின்ன வகுப்பன்று எங்கள் தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நின்று "என்ன இங்க இவ்வளவு சத்தம்?" என்றார். மூன்றாவது பெஞ்சு ⅖ காரன் எழுந்து, "கணக்கு சார். அரைத் தோசைக்கு மேல சாப்பிட்டா கம்மியாகாது சார்" என்றான். அவர் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.